டெஸ்ட் பாஸ், ஆனால் மஞ்சள் வரி

உதகமண்டலம் வானொலி நேயர்களுக்கு வணக்கம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கும், கல்லூரியில் பைத்தான் படிப்பவர்களுக்கும் இந்த உரை.

பைத்தான் கோடைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்டை ஓட்டுகிறீர்கள். எல்லாம் பாஸ். ஆனால் கடைசி வரி பச்சையாக இல்லை, மஞ்சளாக இருக்கிறது. அதற்கு மேலே வார்னிங், அதாவது எச்சரிக்கை, வரிசை. நேற்று இல்லாதது இன்று ஏன்? உங்கள் கோடில் கை வைக்கவில்லை என்றால், பெரும்பாலும் நூலகம், அதாவது நீங்கள் இறக்கிப் பயன்படுத்தும் பிறர் கோட், மாறியிருக்கும். தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் வெர்ஷன் எண் போடாமல் புது லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்தால் புதியதுதான் இறங்கும். இரண்டு மெஷினிலும், நிறுவிய வெர்ஷன்களைக் காட்டும் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பிறகு வார்னிங்கில் உள்ள ஃபைல் பாதையைப் பாருங்கள். இன்ஸ்டால் செய்த நூலகங்கள் இருக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் என்று இருந்தால் பெரும்பாலும் அடுத்தவர் கோட். உங்கள் ஃபோல்டர் என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த வார்னிங்குகளில் சில, டெஸ்ட் நீங்கள் நினைத்தபடி நடக்கவில்லை என்று சொல்பவை.

கொழுந்து எடை போடும் ஒரு ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ வரவேண்டும். டெஸ்டில், விடையைச் சரிபார்க்கும் 'அசர்ட்' எழுத வேண்டிய இடத்தில் 'ரிட்டர்ன்' எழுதிவிட்டால், விடை 35 என்று வந்தாலும் டெஸ்ட் பாஸ்தான்! ரிட்டர்ன் ஆன மதிப்பை பைடெஸ்ட் சரிபார்ப்பதில்லை. 'ரிட்டர்ன் நாட் நன்' என்ற வார்னிங் சொல்வது இதைத்தான். 8.4 வெர்ஷனிலிருந்து வார்னிங்கோடு விடாமல் ஃபெயிலே ஆக்குகிறார்கள். நல்ல முடிவு.

'அன்நோன் மார்க்' வார்னிங்கும் அப்படித்தான். மார்க் என்பது டெஸ்டுக்கு மேலே ஒட்டும் அடையாளப் பெயர்; 'ஸ்கிப்' என்றால் அதைத் தவிர். ஸ்கிப் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனால், தவிர்க்க நினைத்த டெஸ்ட் ஓடிவிடும். நீங்களே வைத்த பெயர் என்றால் பைடெஸ்ட் டாட் ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் 'மார்க்கர்ஸ்' என்பதன் கீழ் பதிவு செய்யுங்கள். 'ஸ்ட்ரிக்ட் மார்க்கர்ஸ்' ஆப்ஷனையும் சேர்த்தால் எழுத்துப்பிழை உடனே எரராக நிற்கும்.

'டிசேபிள் வார்னிங்ஸ்' ஆப்ஷனைக் கொடுத்து மொத்தத்தையும் மறைப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஐஎன்ஐ ஃபைலில் 'ஃபில்டர்வார்னிங்ஸ்' கீழே முதல் வரி 'எரர்': வார்னிங் எல்லாம் எரராக மாறும். அடுத்த வரியில் தொந்தரவு தரும் அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் 'இக்னோர்'. இந்த வரிசை முக்கியம்: பொருந்தும் வரிகளில் கடைசியாக உள்ளதே செல்லும். மாற்றி எழுதினால் இக்னோர் வரிக்கு வேலையே இல்லை. இன்னொன்று, பேக்கேஜின் முதல் பெயரை ஐஎன்ஐ-யில் கொடுத்தால் அதனுள் உள்ள மாட்யூல்களுக்கும் பொருந்தும். கமாண்ட் லைனில், மைனஸ் பெரிய டபிள்யூ போட்டுக் கொடுத்தால், முழு மாட்யூல் பெயர் வேண்டும். இங்கே முட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

'எரர்' வைத்த பிறகு, மூடாமல் விட்ட ஃபைல்களும் தலைகாட்டும். ஆனால் பைத்தான் நினைவகத்தைச் சுத்தம் செய்யும் நேரத்தில்தான் அது வெளிவருவதால், பழி வேறொரு டெஸ்டின் பெயரில் விழலாம். பைத்தானை 'மைனஸ் பெரிய எக்ஸ், ட்ரேஸ்மெலாக் சமம் 20' என்று கொடுத்து ஓட்டினால் ஃபைல் எங்கே திறக்கப்பட்டது என்ற வரி கிடைக்கும். அந்த இடத்தில் 'வித்' போட்டுத் திறந்தால் போதும், ஃபைல் தானே மூடிக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.