மருந்துக்கு விலை உண்டு, டெஸ்டுக்கு?

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் மருத்துவ மாணவர்கள், அந்தப் பக்கம் பொருளாதார மாணவர்கள் என்று தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்டது நடுவில் கிடக்கும் ஒரு விஷயம். ஒரு மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் டெஸ்டை, அந்த மருந்தோடு சேர்த்தே உருவாக்கி, சேர்த்தே அனுமதி வாங்குகிறார்கள். 'கம்பேனியன் டயக்னாஸ்டிக்' என்று இதற்குப் பெயர். துணைச் சோதனை என்று வைத்துக்கொள்வோம்.

1998 செப்டம்பரில் ஜெனென்டெக் கம்பெனியின் ஹெர்செப்டின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல்லின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும் கட்டிகளில்தான் இது வேலை செய்யும். அப்படி இருப்பது நாலில் ஒருவருக்கு, அல்லது ஐந்தில் ஒருவருக்கு. அந்த மருந்தை நிலைநிறுத்திய முக்கியமான ஆய்வில் சேர்ந்தவர்கள் 469 பெண்கள். எல்லோரும் ஹெர்-2 பாசிட்டிவ். கீமோ மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 33 சதவீதம். கூடவே ஹெர்செப்டினும் எடுத்தவர்களில் 22 சதவீதம்.

இப்போது ஒரு கணக்கு. டெஸ்டே இல்லாமல், வந்தவர்களை எல்லாம் ஆய்வில் சேர்த்திருந்தால்? நாலில் ஒருவருக்குத்தான் பலன், மற்ற மூவருக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 புள்ளி வித்தியாசம் மூன்றுக்கும் கீழே கரைந்துவிடும். பலன் நாலில் ஒன்றாகக் குறைந்தால், அதைப் புள்ளியியல்படி நிரூபிக்கத் தேவைப்படும் ஆட்கள் நாலு மடங்கு அல்ல, நாலு நாலு பதினாறு மடங்கு. ஏழாயிரத்து ஐந்நூறு பேர்! ஒவ்வொருவருக்கும் மருந்து, ஸ்கேன், வருடக்கணக்கில் கண்காணிப்பு. டெஸ்ட் இருந்தால், சுமார் 1,900 பேரின் கட்டித் துணுக்கைப் பார்த்து 469 பேரைப் பொறுக்கி எடுத்துவிடலாம். அந்தச் செலவு எங்கே, இந்தச் செலவு எங்கே? டெஸ்ட் இல்லாவிட்டால் ஹெர்செப்டின் தோற்றுப்போன மருந்துகளின் பட்டியலில் சேர்ந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் கம்பெனிக்குள் விற்பனைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே. "டெஸ்ட் வைத்தால் நாலில் மூன்று வாடிக்கையாளரை நாமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறோமே?" என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலை ஹெர்செப்டினின் கணக்குப் புத்தகமே சொன்னது. உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி சுவிஸ் ஃபிராங்க் விற்பனை. பலிக்கும் என்று தெரிந்த மருந்தை டாக்டர் தயங்காமல் எழுதுகிறார், நோயாளி நடுவில் விடுவதில்லை, காப்பீட்டுக் கம்பெனியிடம் கூடுதல் விலையும் கேட்க முடிகிறது. குறுகிய சந்தை, ஆனால் கொழுத்த சந்தை.

நுரையீரல் புற்றுநோய்க்கான இரெசா இதற்கு நேர் எதிர். 2003-ல் டெஸ்ட் இல்லாமலே அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2004 கடைசியில் பெரிய ஆய்வு ஒன்றில் ஆயுளை நீட்டவில்லை என்று தெரிந்தது. 2005-ல் புது நோயாளிகளுக்குக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் அது பலிக்கிறது என்பதும் 2004-லேயே தெரிய வந்ததுதான். ஆனாலும் துணைச் சோதனையோடு அமெரிக்காவில் மறுபடி அனுமதி கிடைத்தபோது 2015. அதே மாத்திரைதான். பன்னிரண்டு வருடம் போனதுதான் மிச்சம்.

சரி, டெஸ்ட் வைப்பது என்று முடிவாகிவிட்டது. புரதம் எவ்வளவு இருந்தால் மருந்து கொடுக்கலாம் என்ற எல்லைக் கோட்டை எங்கே போடுவது? நம் பொருளாதாரப் பக்கத்து நண்பர்கள் இதைக் கவனியுங்கள். நுரையீரல் புற்றுநோயில் பி.டி.-எல்1 என்ற புரதத்தைப் பார்த்துக் கொடுக்கும் இரண்டு மருந்துகள் போட்டியில் இருந்தன. முன்னால் ஓடியது பிரிஸ்டல் மையர்ஸின் ஆப்டீவோ. அவர்கள் கட்டியில் 5 சதவீத செல்களில் அந்தப் புரதம் இருந்தாலே போதும் என்று கோட்டைத் தாழ்வாகப் போட்டார்கள். ஆட்கள் நிறைய, சந்தை பெரிது. மெர்க் கம்பெனி தன் கீட்ரூடாவுக்கு 50 சதவீதம் என்று கோடு போட்டது. பரிசோதித்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் தேறினார்கள். 2016-ல் இரண்டு முடிவும் வந்தன. மெர்க் ஜெயித்தது. பிரிஸ்டலின் ஆய்வு தோற்றது. ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை 16 சதவீதம் சரிந்தது. கீட்ரூடா 2023-ல் உலகிலேயே அதிகம் விற்கும் மருந்தாகிவிட்டது. தாழ்ந்த கோட்டுக்குப் பின்னால் அறிவியல் காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் எத்தனை பேருக்கு விற்கலாம் என்று யாருமே கணக்குப் பார்க்கவில்லை என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

இவ்வளவு பணம் புரளுகிறதே, டெஸ்ட் செய்து கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஹெர்செப்டின் ஆய்வில் பயன்படுத்திய பரிசோதனை முறை லேப்களுக்கு விற்கும் நிலையில் இல்லை. அதனால் டென்மார்க்கின் டாக்கோ கம்பெனி, கட்டித் துணுக்கில் சாயமேற்றி ஹெர்-2-வைக் காட்டும் ஹெர்செப்டெஸ்ட் என்ற கிட் செய்து, மருந்தோடு சேர்த்தே அனுமதி வாங்கியது. பழைய முறையோடு அது ஒத்துப்போனது 79 சதவீதம்தான். இருந்தாலும் மருந்து வாசல் தாண்டியது அதன் தோளில் ஏறித்தான். ஆனால் மருந்துக்கு விலை வைக்கும்போது எத்தனை மாதம் ஆயுள் கூடியது என்று பார்க்கிறார்கள். டெஸ்டுக்கு வைக்கும்போது சாயம் எவ்வளவு, டெக்னீஷியன் நேரம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு 2012-ல் மேயோ - பிரமீதியஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரத்தத்தில் ஒரு பொருளின் அளவுக்கும் மருந்தின் அளவுக்கும் உள்ள தொடர்பு இயற்கை விதி, அதற்குக் காப்புரிமை கிடையாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மருந்தின் மூலக்கூறுக்குக் காப்புரிமை உண்டு. அது யாருக்குப் பலிக்கும் என்ற அறிவுக்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லை. பிறகு யார் துணிந்து முதல் போடுவார்கள்? கடைசியில் மருந்துக் கம்பெனியே டெஸ்ட் கம்பெனிக்குப் பணம் கட்டிச் செய்யச் சொல்கிறது. நம் நாட்டிலும் சில நுரையீரல் புற்றுநோய் டெஸ்டுகளை மருந்துக் கம்பெனிகள் தங்கள் செலவில் செய்து கொடுப்பதுண்டு. நல்லதுதான். ஆனால் மலிவான போட்டி மருந்துகள் வந்து லாபம் வற்றினால், அந்த உதவியும் கூடவே வற்றிவிடும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஹெர்-2 டெஸ்டில் சாயம் பிடிப்பதைப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவோம். 0-வும் 1+-உம் இரண்டுமே 'நெகட்டிவ்'. இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்து யாரும் தலையை உடைத்துக்கொண்டதில்லை. 2022 ஆகஸ்டில் ஹெர்-2-வையே குறிவைக்கும் என்ஹெர்ட்டு என்ற மருந்துக்கு, 1+ வாங்கியவர்களையும் சேர்த்த 'ஹெர்-2 குறைவு' நோயாளிகளிலும் அனுமதி வந்தது. ஆட்களை வடிகட்டிக் கழிக்க வந்த டெஸ்ட், கழித்தவர்களில் பெரும்பகுதியைத் திரும்ப அழைத்துவரும் டெஸ்டாக மாறிவிட்டது. மார்பகப் புற்றுநோயில் பாதிக்கு மேல் இந்த வகைதான். 2025 ஜனவரியில் கோடு இன்னும் கீழே இறங்கி, 0-வுக்கும் 1+-க்கும் இடையில் 'மிகக் குறைவு' என்று ஒரு படி வந்திருக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் முன்னால் இருப்பவர் மங்கலான பழுப்பு நிறத்தைப் பார்த்து, இது சாயமா, என் கண் மயக்கமா என்று யோசிக்கிறார். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு மதிப்பெண் வருகிறது. அந்த ஒற்றை ஸ்லைடின் மேல் பல லட்சம் ரூபாய் சிகிச்சை நிற்கிறது. ஸ்லைடு பார்த்ததற்கான கட்டணம் மட்டும் பழைய கட்டணம்தான்.