400 கிலோமீட்டர் என்றால் எந்த உயரத்தில்?

வணக்கம் மக்களே. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு வயல் வரப்பில் நின்று பேசுகிறேன், பின்னால் தெரிவது பொதிகை மலை. அதற்கு இன்று வேலை இருக்கிறது.

நம்ம டீக்கடை அண்ணாச்சி, "எஸ்-400 வந்துட்டுல்லா, இனி 400 கிலோமீட்டருக்கு ஒரு காக்கா உள்ள வராதுடே" என்றார். எஸ்-400 என்றால், வருகிற விமானத்தை ரேடாரில் பார்த்து ஏவுகணையால் சுட்டு வீழ்த்துகிற, ரஷ்யாவிடம் நாம் வாங்கிய அமைப்பு. நெல்லையில் ஒன்றை நிறுத்தினால் கடலூர் வரைக்கும் காவல், அதுதான் அவர் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் வருகிற விமானம் 10 கி.மீ. உயரத்தில் பறக்க வேண்டும்.

(திரையில்: வளைந்த பூமி, நேராகப் போகும் ஒரு கோடு)

ரேடார் அலை ஏறக்குறைய நேராகப் போகும், பூமியோ வளைந்து கீழே இறங்கிவிடும். 10 மீட்டர் கம்பத்தில் ரேடார், 50 மீட்டர் உயரத்தில், அதாவது இரண்டு பனையை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்திய உயரத்தில் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரேடாருக்கு அது தெரிவதே சுமார் 42 கி.மீ. தூரத்தில்தான். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வந்தால் மூன்று நிமிடம்கூட இல்லை. நடுவில் இப்படி ஒரு மலை இருந்தால் அதுவும் கிடையாது.

அப்போ எல்லாரும் தாழ்வாகவே வரலாமே? வந்தால் தோளில் வைத்துச் சுடுகிற ஸ்டிங்கர், இக்லா காத்திருக்கும். உக்ரைனில் 2022-இல் இருந்து நடப்பது இதுதான்: மேலே போனால் பெரிய ஏவுகணை, கீழே வந்தால் சின்ன ஏவுகணை. அதனால் இரண்டு பக்கமும் ஹெலிகாப்டர்கள் மரத்தை ஒட்டி வந்து, மூக்கைத் தூக்கி ராக்கெட்டுகளை விட்டுவிட்டு, எங்கே விழுந்தது என்று பார்க்காமல் திரும்பிவிடுகின்றன. வான் ஆதிக்கம் யாருக்கும் இல்லை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "அப்ப ரேடாரைத் தூக்கிப் பொதிகை உச்சியில வச்சிர வேண்டியதானடே" என்றார். மனுஷன் லேசுப்பட்ட ஆள் இல்லை. உச்சி 1,868 மீட்டர், அங்கிருந்து பார்த்தால் அதே 50 மீட்டர் விமானம், நடுவில் வேறு மேடு மறைக்காத திசையில், சுமார் 200 கி.மீ. தள்ளியே சிக்கும். நம் விமானப்படையின் நேத்ரா மாதிரி விமானங்கள் ரேடாரை வானத்துக்கே கொண்டுபோவதும் இதே யோசனைதான்.

ஆனால் மலை உச்சி ரேடார் நகராது, அதன் விலாசம் எதிரிக்கு முன்கூட்டியே தெரியும். 1991 ஜனவரி 17, விடியும் முன்னால், அமெரிக்காவின் அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் பாலைவன மணலை ஒட்டிப் பறந்து ஈராக்குக்குள் நுழைந்தன. அவை முதலில் அடித்தது இரண்டு ரேடார் நிலையங்களை. அந்த ஓட்டை வழியாகத்தான் பின்னால் விமானங்கள் உள்ளே போயின.