தக்கைப்பூண்டை எந்தப் பருவத்தில் மடக்கி உழ வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்பது தக்கைப்பூண்டு; நெல் நடுவதற்கு முன் வளர்த்து, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதை தூவி இன்றோடு 43 நாள்கள் ஆகின்றன. அங்கங்கே மஞ்சள் பூ தலைகாட்டத் தொடங்கிவிட்டதால், நாளைக் காலையில் இதை மடக்கி உழப்போகிறேன். அதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி, அதன் வேரைக் காட்டிவிடுகிறேன்.

வேரில் மிளகைப் போல ஒட்டியிருக்கும் இந்த முடிச்சுகளுக்குள்தான் ரைசோபியம் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒன்றை நகத்தால் கிள்ளுகிறேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதைப் பாருங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும் என்பதால், ஆக்சிஜனைத் தன்னோடு பிணைத்து அளவாக வழங்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் இது. முடிச்சின் உள்ளே பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அங்கு வேலை நடக்கவில்லை என்று பொருள்.

பசுந்தாள் உரத்தை நெற்பயிர் நேரடியாக உண்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் முதல் பந்தி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குத்தான். அவை தழையைத் தின்று பெருகி, தமக்கு மிஞ்சிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அம்மோனியமாக வெளிவிட்ட பிறகும், தாமே மடிந்து மட்கிய பிறகும்தான் பயிருக்குப் பங்கு கிடைக்கிறது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 24 பங்கு கரிமம் (கார்பன்) என்பது அவற்றின் தேவை. பூக்கும் பருவத்துச் செடியில் கரிமத்தின் பங்கு அதைவிடக் குறைவு என்பதால் தழைச்சத்து மிஞ்சுகிறது. முற்றி நாரேறிய தண்டிலோ கரிமம் கூடிவிடுவதால், பற்றாக்குறையை ஈடுகட்ட அவை மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்கின்றன.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் உழவு இயந்திரம் கிடைக்காமல் 70 நாள்களுக்குப் பிறகு மடக்கினேன்; தண்டுகள் ரோட்டவேட்டர் கத்திகளில் கயிறாகச் சுற்றிக்கொண்டன, நட்ட பயிர் இரண்டு வாரங்களுக்கு மேல் வெளுத்து நின்றது. பச்சைத் தழையை இத்தனை போட்டும் பயிர் பசியோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

தழைச்சத்து மட்டுமே இதன் பலன் என்று கருதிவிட வேண்டாம். பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் மண் துகள்களைக் குருணைகளாகக் கட்டுவதால் மண் பொலபொலப்பாகிறது. சோடியம் மிகுந்த களர் நிலத்தில் சுண்ணாம்பும் இருந்தால், தழை மட்கும்போது உண்டாகும் கரியமில வாயு நீரில் கரைந்து சுண்ணாம்பைக் கரைக்க, விடுபடும் கால்சியம் மண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிடுகிறது. வடிகால் இருந்தால்தான் அந்தச் சோடியம் வயலை விட்டுப் போகும்.

மடக்கியபின் நீர் கட்டி, ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை பொறுத்திருங்கள். நடவுக்கு முன் சேற்றை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் வீசினால், இளம் வேரைக் கருக்கும் அமிலங்கள் இன்னும் அடங்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு, மேலும் சில நாள்கள் கழித்து நடுங்கள்.