வெள்ளியங்கிரி ஏறும் முன் எட்டு வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரியிலிருந்து மே வரை கோவையை அடுத்த வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியோடு கூட்டம் நிற்கும். அதில் பலர் அலுவலக நாற்காலியிலிருந்து நேராக வந்தவர்கள். வெள்ளியங்கிரியில் ஏறும்போது நெஞ்சுவலி வந்து இறந்தார் என்ற செய்தியும் பருவம் தவறாமல் வருகிறது. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே எச்சரிக்கிறது. அதைக் கேட்டே ஆக வேண்டும். நோய் எதுவும் இல்லை, உடம்புதான் பழக்கப்படவில்லை என்பவர்களுக்காக இந்தப் பேச்சு.

ஒரு வழி ஏறக்குறைய 6 கிலோமீட்டர். காதில் விழும்போது சின்னத் தூரம்தான். ஆனால் ஏற வேண்டிய உயரம் 1,200 மீட்டருக்கு மேல். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். உச்சிப்பிள்ளையாரை ஒரே நாளில் பதினான்கு, பதினைந்து முறை ஏறிப் பார்ப்பதற்குச் சமம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் தந்த கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி ஏற மூன்றேகால் மணி ஆகும். அது பழகிய காலுக்கு. பழகாதவர் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஐந்து மணி. இறங்க நான்கு. ஓய்வையும் சேர்த்தால் பத்து மணி நேர வேலை.

வழியில் ஏழு மலைகள்; அதில் ஆளைச் சாய்ப்பது முதல் மலை. வெள்ளை விநாயகர் கோயில் வரை கல்படிகள், நல்ல செங்குத்து. புது உற்சாகத்தில் எல்லாரும் இங்கேதான் வேகமாக ஏறுகிறார்கள். தசைக்குப் போகிற ஆக்சிஜன் போதாதபோது, உடல் சேமித்து வைத்த மாவுச்சத்தை மளமளவென்று எரிக்கிறது. அந்த இருப்பு தீர்ந்தவருக்குப் பாதி வழியிலேயே தொடை நடுங்கும், கண் இருட்டும். வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஏறிக்கொண்டே ஒரு குறளை மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். முதல் சீரிலேயே திணறினால் மெதுவாக்குங்கள். உயரமான படியில் ஒரே தாவாகத் தாவாமல், பக்கத்தில் சின்னக் கல் இருந்தால் அதில் கால்வைத்து இரண்டாக ஏறுங்கள். ஒவ்வொரு அடியிலும் பின்காலை ஒரு கணம் நேராக நிறுத்தினால் எடை எலும்பில் நிற்கும், தசை இளைப்பாறும். முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நின்றபடியே ஓய்வு. அரை மணி உட்கார்ந்தால் கால் இறுகிவிடும்.

இனி எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் தினமும் 40 நிமிடம் வீச்சு நடை. மூன்றாவது முதல் ஐந்தாவது வாரம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிடம் மாடிப்படி. ஆறிலும் ஏழிலும் 4 கிலோ பையோடு வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம். கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது, மற்றவர்கள் பக்கத்து மலைக்கோயிலுக்குப் போகலாம். எட்டாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாக்கி, கடைசி இரண்டு நாள் சும்மா இருங்கள்.

இந்தப் பயிற்சியில் படி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது; இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுவது அப்போதுதான். ஒருமுறை கிழிந்து ஆறிய தசை அடுத்த முறை மிகக் குறைவாகவே நோகும். அந்தக் காப்பு சில வாரங்கள் நிற்கும்.

புதுக் காலணியோடு மலைக்கு வராதீர்கள், இரண்டு வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். இறங்கும் முன் குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் கால் முன்னால் சரிந்து பெருவிரல் நகம் ஒவ்வொரு படியிலும் முட்டும். அடிவாரம் வருவதற்குள் நகம் கறுத்துவிடும். குதிகாலில் சுள்ளென்று சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை. தடியை இறக்கத்தில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை உண்டு. கோடை முற்றினால் நீர் குறையும் என்பதால் 2 லிட்டர் கையில் இருக்கட்டும். வியர்வையில் உப்பு போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கடலைமிட்டாயோ நான்கு பேரீச்சையோ, பசிக்கும் வரை காத்திராமல். அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை நடக்கும், முன்பே டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் அன்றைய அளவை மருத்துவரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. நடையே சர்க்கரையைக் கீழே இழுக்கும்.

பலர் வெயிலுக்கு அஞ்சி இரவில் ஏறுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வெளியூரிலிருந்து இரவுப் பேருந்தில் கண்விழித்து வந்து, அன்று இரவே ஏறி, மறுநாள் காலை இறங்கினால் இரண்டு இரவு தூக்கம் போகும். தடுமாறி விழுவது அந்த இறக்கத்தில்தான். முந்தைய நாளே வந்து ஆறு மணி நேரமாவது தூங்குங்கள். உச்சியில் காற்று குளிரும். நனைந்த சட்டையை மாற்ற ஒன்று, மேலே போட ஒன்று, நெற்றி விளக்கு.

திரும்ப வேண்டிய நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்து கூட வருபவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவது மலை முடிய மூன்று மணி நேரம் தாண்டினால் இறங்கிவிடலாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இவற்றில் எது வந்தாலும் வாயுப்பிடிப்பு என்று சமாதானம் சொல்லாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து ஆளை அனுப்பி உதவி கேளுங்கள், தானாக நடந்து இறங்க வேண்டாம்.

இறங்கியதும் உடனே பேருந்தில் உட்காராமல் கால்மணி நேரம் மெல்ல நடந்து, சாப்பிட்டு, தண்ணீர் குடியுங்கள். தொடைவலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், நான்கைந்து நாளில் போய்விடும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் வீட்டில் இருக்க வேண்டாம். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வணக்கம்.