ஆச்சியின் நூற்றுக்கு நூறு

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆக்குபேஷனல் தெரபியில் பிஎச்.டி. செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் வருகிற முதல் கேள்வி, "அங்க போனா வேலை போட்டுத் தருவாவளா?" என்பதுதான். ஆக்குபேஷன் என்ற சொல் செய்கிற கோளாறு அது. பிழைப்பு மட்டும் அதற்குப் பொருளில்லை. பல் தேய்ப்பது, சேலை கட்டுவது, வாசலில் கோலம் போடுவது, பேத்திக்குச் சடை பின்னுவது என்று ஒருவர் நாள் முழுக்கச் செய்கிற எல்லாமே அதில் சேர்த்தி. நோயோ விபத்தோ அவற்றைப் பறித்துக்கொண்டால் திரும்பச் செய்யப் பழக்குவது எங்கள் வேலை. என் அத்தைக்கு இந்த விளக்கமெல்லாம் போதவில்லை. "ஏட்டி, டாக்டருக்குப் படிக்கேன்னு சொல்லுதே, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை சொல்லத் தெரியலையே!" என்கிறாள்.

பத்து வருஷம் வேலை பார்த்த பிறகு நான் மறுபடி படிக்க வந்ததற்கு முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர்தான் காரணம். சின்ன வயசிலிருந்து பீடி சுற்றியவர். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். பேசிக்கொண்டே சுற்றுவார், விரல் தன்பாட்டுக்கு ஓடும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சில மாதத்தில் நடை தேறியது, விரல் தேறவில்லை.

அன்றாட வேலைகளைப் பிறர் உதவியில்லாமல் ஒருவர் எவ்வளவு செய்கிறார் என்று அளக்கிற பார்த்தெல் அளவுகோலை அவருக்குப் போட்டுப் பார்த்தேன். 1965-இல் அமெரிக்காவில் வெளியானது, இன்றைக்கும் உலகமெங்கும் புழக்கத்தில் இருப்பது. சாப்பாடு, குளியல், உடுத்துவது, படியேறுவது என்று 10 தலைப்பு, மொத்தம் 100 மதிப்பெண். ஆச்சி நூற்றுக்கு நூறு. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார், அதற்கு முழு மதிப்பெண். சேலையை விட்டு நைட்டிக்கு மாறியிருந்தார், தானே மாட்டிக்கொண்டார், அதற்கும் முழு மதிப்பெண். ஃபைலை மூடி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

ஆனால் அவர் யார் கண்ணிலும் படாமல் புறவாசலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார் என்று மருமகள் சொன்னார். கேட்டதற்கு ஆச்சி, "பீச்சாங்கையால திங்கதுக்குப் பேரு சாப்பாடாம்மா?" என்றார். கலியாண வீட்டுப் பந்திக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம்.

அன்றைக்கு ராத்திரி அந்தப் படிவத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். உதவி தேவைப்படுவதற்கு அதில் சொல்லியிருக்கிற உதாரணம், உணவை வெட்டுவதும் வெண்ணெய் தடவுவதும். நம் ஊரில் யார் வீட்டில் அய்யா வெண்ணெய் தடவுகிறார்கள்? சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து, உருட்டி, ஒழுகாமல் வாய்க்குக் கொண்டுபோவது வேறு வித்தை. தரையில் சம்மணமிட்டு எழுவதைப் பற்றியும் அதில் ஒரு கேள்வி கிடையாது. அளவுகோலைக் குறை சொல்லவில்லை. அது பிறந்த வீட்டில் மேசை நாற்காலி இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் தமிழில் மொழிபெயர்த்தால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி, ஒப்பிட்டுச் சரிபார்த்து, பிறகு நாலு பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். "நீங்களே சாப்பிடுவீர்களா?" என்று ஒரு தாத்தாவிடம் கேட்டேன். "நானா போட்டுச் சாப்பிட மாட்டேன், மருமவ போட்டுத் தாரா" என்றார். கையும் காலும் திடமாக இருக்கிற மனுஷன்! அந்தப் பதிலை அப்படியே எழுதியிருந்தால் அவருக்கு மதிப்பெண் குறைந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சீராக்கவே எனக்கு ஒரு மாதம் ஓடியது. ஒரே நோயாளியை இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகு.

படிக்க நினைக்கிறவர்களுக்காக நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை தளர்வு உண்டு. வேலையை விடாமல் பகுதி நேரமாகவும் செய்யலாம், அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஓ.டி.டி., அதாவது டாக்டர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு பட்டம் இருக்கிறது. அது சிகிச்சைத் திறனுக்கானது, ஆராய்ச்சிக்கு பிஎச்.டி. தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள்.

இந்தத் துறை நமக்குப் புதிதும் இல்லை. அமெரிக்காவில் பிறந்து இந்தியருக்கு வாழ்க்கைப்பட்ட கமலா நிம்ப்கர் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இத்தனை வருஷம் கழித்தும் சோறு பிசைவதை அளக்க நமக்கென்று ஒரு கேள்வி எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆச்சிக்கு இப்போது வலது கையில் பயிற்சி நடக்கிறது. முதலில் இட்லி, அதைப் பிட்டால் போதும். அடுத்தது கெட்டித் தயிர்ச்சோறு, உருட்டினால் உருண்டையாக நிற்கும். போன வாரம் சொதிச்சோறு வரைக்கும் வந்துவிட்டோம். பாதி முழங்கை வழியே வழிந்தது. "இதுக்கு எத்தனை மார்க்கு போடுவே?" என்று கேட்டார். என் படிவத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.