பழைய மேடாக் ரோலர் வாஷிங் மெஷின்: வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

[காட்சி: சதுர அலுமினியத் தொட்டி, அதுக்கு மேல ரெண்டு ரப்பர் ரோலர்]

அமெரிக்காவுல ஐயோவா மாநிலம், நியூட்டன் ஊர்ல இருந்த மேடாக் கம்பெனியோட மெஷின் இது. துவைக்கிற வேலை கீழே தொட்டியில. பிழியற வேலை மேலே ரோலர்ல, கரும்பு ஜூஸ் மெஷின்ல கரும்பு போற மாதிரி துணி உள்ளே போய் சக்கையா வெளியே வரும்.

1919-ல மேடாக் வார்ப்பு அலுமினியத் தொட்டியைக் கொண்டுவந்தாங்க. 1922-ல ஹோவர்ட் ஸ்னைடர் வடிவமைச்ச அஜிடேட்டர், அதாவது தண்ணியைக் கலக்குற துடுப்பு, தொட்டியோட அடியில உட்கார்ந்துச்சு. அதுவரைக்கும் பல மெஷின்கள்ல மூடியில தொங்குற கட்டை துணியைப் பிடிச்சு இழுக்கும். அஜிடேட்டர் தண்ணியைத் துணிக்குள்ள பாய வைக்குது. கரண்ட் எட்டாத பண்ணை வீடுகளுக்குக் காலால உதைச்சு ஸ்டார்ட் பண்ற பெட்ரோல் எஞ்சின் வெச்ச மாடலும் உண்டு. புகையை வெளியே விட நீளமான குழாய் கூடவே வரும். ரோலர் மெஷின் உற்பத்தி 1983 வரைக்கும் நடந்துச்சு.

[காட்சி: மெஷினுக்கு அடியில டார்ச் வெளிச்சம்]

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. பெயின்ட் திரும்ப அடிச்சுக்கலாம். கெட்டுப்போன கியர் பாக்ஸுக்கு இன்னொரு மெஷினையே வாங்கிப் பிரிக்கணும். அதனால முதல்ல குனிஞ்சு அடியைப் பாருங்க.

பிளக் மாட்டாம பெல்ட் புல்லியைக் கையால சுத்துங்க. ஒரே சீரா சுத்தணும். கரகரன்னு சத்தம் வந்தாலோ, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப இடிச்சாலோ, கியர் பல் போயிருக்கலாம். அப்புறம் கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா, நடு ஷாஃப்ட் சீல் (அஜிடேட்டரைச் சுத்துற தண்டைச் சுத்தித் தண்ணி கசியாம தடுக்கிற வளையம்) வழியா தண்ணி இறங்கியிருக்கு, உள்ளே துருவும் இருக்கும்.

சீல் எப்படி இருக்குன்னு உறுதிப்படுத்த, தொட்டியில தண்ணி ரொப்பி, அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு, ஒரு ராத்திரி விடுங்க. ஓரத்துல நனைஞ்சா ஹோஸ் வாஷர்தான், சின்ன வேலை. நடுவுல நனைஞ்சா சீல்.

அஜிடேட்டர் மேலே தூக்கினா கையோட வரணும். பெரும்பாலும் வராது. அலுமினிய அஜிடேட்டரும் இரும்பு ஷாஃப்ட்டும் ஈரத்துல சேர்ந்து கிடந்தா அரிச்சு ஒட்டிக்கும். இடுக்கில துரு நீக்கும் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்க. அப்புறம் அஜிடேட்டர் மேல கொதிக்கிற தண்ணி ஊத்துங்க. இரும்பைவிட அலுமினியம் அதிகமா விரியும், பிடி தளரும். ரப்பர் சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டி, நேரா மேலே தூக்குங்க. தொட்டி விளிம்புல கம்பியை வெச்சு நெம்பினா விளிம்பு நெளியும்.

[காட்சி: ரோலருக்கு நடுவுல மூணு காகிதத் துண்டு]

ரோலரை நகத்தால அழுத்துங்க. கொஞ்சம் அமுங்கணும். கல்லா இருந்தாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ தண்ணியைப் பிழியாது. இடம், நடு, வலம்னு மூணு காகிதத் துண்டு வெச்சு, அழுத்தம் கொடுத்து, ஒவ்வொண்ணா இழுங்க. மூணும் ஒரே இறுக்கமா இருக்கணும். ஒரு பக்கம் லூஸா வந்தா ரப்பர் தேஞ்சிருக்கு, இல்லைன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. அச்சு மெஷின் ரோலருக்கு ரப்பர் ஏத்துற பட்டறையில இதுக்கும் புது ரப்பர் போட முடியும்.

இப்ப ரொம்ப முக்கியமானது: அவசர விடுவிப்பு, அதாவது ரோலர் அழுத்தத்தைச் சட்டுனு விடுவிக்கிற பிடி. ரோலரை ஓட விட்டு அதைத் தட்டினா அழுத்தம் உடனே விடுபடணும். அது வேலை செய்யாத மெஷின்ல ஒரு கைக்குட்டைகூடப் பிழியாதீங்க, விரலும் தலைமுடியும் உள்ளே இழுபடும். துணியைத் தட்டையா மடிச்சு, பட்டனை உள்பக்கமா வெச்சு, குச்சியால தள்ளுங்க.

பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே உதிரும். எர்த் உள்ள மூணு கோர் ஒயரா மாத்தாம ஈரத் தரையில ஓட்டக்கூடாது. இந்த மெஷின்ல இருக்கிறது அமெரிக்க கரண்டுக்கான 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டார். நம்ம 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைச்சுத் தரும், ஹெர்ட்ஸை மாத்தாது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல நிமிஷத்துக்கு 1725 சுத்து ஏறக்குறைய 1425-ஆ இறங்கும், மோட்டாரும் சூடாகும். அதே திறனுள்ள உள்ளூர் மோட்டாரைப் பொருத்தி, மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரிசா போட்டா பழைய வேகம் வந்துடும். கழட்டின அசல் மோட்டாரைப் பத்திரமா வெச்சிருங்க.

அலுமினியத் தொட்டியில காஸ்டிக் சோடா போடவே போடாதீங்க, உலோகத்தையே தின்னுடும். கறைக்கு வினிகர் போதும். துவைச்சு முடிச்சதும் ரோலர் அழுத்தத்தைத் தளர்த்துங்க, இல்லைன்னா ரப்பர் ஒரு பக்கம் தட்டையாயிடும். அஜிடேட்டரைக் கழட்டித் துடைச்சு, ஷாஃப்ட்ல மெல்லிசா கிரீஸ் தடவி, தனியா காய வைங்க.