எண்ணெயும் தண்ணீரும் ஒட்டும், நடுவரே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

பிரேசிலின் பாஹியாவில் ஆப்பிரிக்கத் தெய்வங்களும் கத்தோலிக்கப் புனிதர்களும் சேர்ந்தது உறவா, வேஷமா? இதுதான் தலைப்பு. நான் உறவுன்னு பேச வந்திருக்கேன். எதிரணி நண்பர் எழுந்து, "எண்ணெயும் தண்ணியும் ஒட்டுமாய்யா?"ன்னு கேட்டு, கைதட்டு வாங்கிட்டு உட்கார்ந்துட்டார். ஐயா அடுப்பங்கரைப் பக்கம் போனதே இல்லை போலிருக்கு!

பாஹியாவின் தலைநகர் சால்வதோர், அதன் தெருமுனைக்கு வாங்க. வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமா ஒரு அம்மா அக்கராஜேங்கிற பயறு உருண்டை சுடுறாங்க. தட்டைப்பயறை உடைச்சு ஊறவெச்சு, தோலைத் தண்ணியில மிதக்கவிட்டுக் களையணும். தோல் தங்கினா உருண்டை கனத்துப்போகும். அரைச்ச மாவை மரக்கரண்டியால காத்து ஏற அடிக்கணும். வெங்காயம், உப்பு எல்லாம் சுடப்போற நேரத்துலதான். முந்திப் போட்டா வெங்காயம் நீர் விடும், மாவு இளகும், செம்பனை எண்ணெயில விழுந்ததும் பிரிஞ்சுபோகும். அந்தச் சட்டியில முழு வெங்காயம் ஒண்ணு மிதக்கும் பாருங்க, எண்ணெய் கருகாம இருக்க! தண்ணியில ஊறின பயறு எண்ணெயில பொன்னாகுது. ஒட்டலையா நண்பரே?

அது புயலுக்கு அதிபதியான ஆப்பிரிக்கத் தெய்வம் இயான்சாவின் படையல். டிசம்பர் 4, இடி மின்னலுக்கு வேண்டிக்கிற புனித பார்பராவின் திருநாள். சிவப்பு உடுத்தி வர்ற கூட்டம் ரெண்டு பேரையும் சேர்த்தே கும்பிடுது. அந்தத் தெய்வமே வேண்டாம்கிற சுவிசேஷ சபைக்காரங்களும் அதே பலகாரத்தைச் சுட்டு 'இயேசு உருண்டை'ன்னு விக்கிறாங்க. பேரு மாறிச்சு, எண்ணெய் மாறலை. திரும்பச் சொல்றேன் நடுவரே, எண்ணெய் மாறலை!

1983-ல ஆப்பிரிக்கத் தெய்வங்களை வழிபடுற மாயி ஸ்டெல்லாவும் மற்ற மூத்த பூசாரி அம்மாக்களும் "இயான்சா வேற, பார்பரா வேற"ன்னு அறிக்கை விட்டாங்களேன்னு கேட்பார். ஒத்துக்கிறேன். ரெண்டு பேர் இருந்தாத்தானே ஐயா உறவு?

எண்ணெய் போதும், தண்ணிக்கு வருவோம். ஜனவரியில ஒரு வியாழக்கிழமை. பூவும் வாசனை நீரும் நிறைஞ்ச குடத்தோட 8 கிலோமீட்டர் நடந்து, போன்ஃபிம் ஆலயத்துக்கு வர்றாங்க. உள்ளே சிலுவையில இயேசு, வர்றவங்க மனசுல ஆப்பிரிக்கத் தெய்வம் ஒஷாலா. கோயிலைக் கழுவுறது ஒரு காலத்துல அடிமைகளுக்கு இட்ட வேலை. அடிமை முறை ஒழிஞ்ச மறு வருஷமே, 1889-ல, உள்ளே கழுவக்கூடாதுன்னு பேராயர் தடை போட்டார்.

உள்ளே வேண்டாம்னா, வெளியே படி இருக்கே! குடத்தோட வந்த வயசான ஒரு அம்மா குனியறாங்க. குடத்தைச் சாய்க்கிறாங்க. படியில வாசனை நீர் ஓடுது. துடைப்பத்தால தேய்ச்சுக் கழுவறாங்க. மிச்சத்தை, தலை குனிஞ்சு நிக்கிறவங்க மேல தெளிக்கிறாங்க, யார் எந்தச் சாமின்னு கேட்காம.

நண்பரே, அந்தப் படியில நின்னு சொல்லுங்க, ஒட்டாதுன்னு.